கலைக்கூடத்துக்குப் போன கேட்

கலைக்கூடம் என்ற பேச்சை எடுத்தாலே மெர்வ் கடிகனுக்கு வாயில் கசப்பு ஊறும். கூராமின் என்கிற அந்தச் சின்ன ஊரில் பல் டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். ரயில் நின்று வருஷக்கணக்காகிவிட்டது. செம்மறிக்குச் சீக்கு வந்தால் வைத்தியருக்குப் பக்கத்து ஊருக்குப் போன் போட வேண்டும். ஆனால் பழைய தபாலாபீசை இடித்துவிட்டுக் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஒரு கலைக்கூடம் எழும்பி நிற்கிறது. உள்ளே எங்கு பார்த்தாலும் வெள்ளைச் சுவர், ஆஸ்பத்திரி மாதிரி. ஆஸ்பத்திரியிலாவது போனவன் சிலசமயம் குணமாகி வருவான்.

அங்கே நடந்த கூத்துகளை மெர்வ் ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒரு வருஷம் பழைய ஃபிரிட்ஜ்களைத் திறந்து வைத்து அதில் மணலை ரொப்பி வைத்தார்கள். அடுத்த வருஷம் ஒரு பெண்பிள்ளை தூங்குவதைப் படம்பிடித்துச் சுவரில் ஓட்டினார்கள். அவள் புரண்டு படுத்தபோது மேயர் தலையாட்டினாராம். பக்கத்தில் ஒரு அட்டையில் இடம், இன்மை, உடல், நினைவு என்று ஏதோ எழுதியிருக்கும். குடற்பூச்சி மருந்துச் சீட்டைப் படிக்கிற முகத்தோடு மெர்வ் அதைப் படிப்பார். மருந்துச் சீட்டில் எத்தனை சொட்டு என்றாவது போட்டிருப்பான்.

இவ்வளவு கசப்பு உள்ள மனுஷன் வருஷம் தவறாமல் அங்கே ஏன் போனார் என்றால், வெர்னாவுக்காக.

மெர்வ் பிறந்தது, வளர்ந்தது, கம்பளி வெட்டக் கற்றது எல்லாம் ஊருக்கு மேற்கே இருக்கிற அதே நிலத்தில்தான். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. வெர்னாவைக் கட்டினார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார், பஞ்சத்தில் பாதி மந்தையை விற்றார். பிள்ளைகள் கடலோரப் பட்டணங்களுக்குப் போய்விட்ட பிறகு வெர்னா சமையலறை மேஜையில் படம் வரைய உட்கார்ந்தாள். வீட்டைச் சுற்றி இருப்பதைத்தான் வரைந்தாள். குட்டை, தண்ணீர் இறைக்கிற காற்றாடி, வேலி, வெயில். வருஷா வருஷம் கலைக்கூடத்தில் நடக்கிற ஊர்க் கண்காட்சிக்கு ஒன்று அனுப்புவாள். வருஷா வருஷம் அது தேறாமல் திரும்பி வரும்.

திரும்பி வருகிற படத்தைக் கலைக்கூடத்தின் பின்வாசலில் போய் வாங்க வேண்டும். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் பின்பக்கம் திறந்த யூட் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தாலே ஊருக்கு விஷயம் தெரிந்துபோகும். வெர்னா அந்த வாசலுக்கு ஒருநாளும் வந்ததில்லை. மெர்வ்தான் போவார். படத்தைத் தார்ப்பாயில் சுற்றி, மேலே இரண்டு தீவன மூட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு வருவார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். படத்தையும் பார்க்க மாட்டார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் கலைக்கூடத்து இயக்குநர் ஃபிலிப்பா ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு நிலத்துக்கே வந்தாள். மெல்போர்னிலிருந்து வந்த கலைஞனாம், பெயர் ஜாஸ்பர். கறுப்பு உடுப்பு, கறுப்பு பூட்ஸ். அந்த பூட்ஸ் சேற்றைக் கனவிலும் பார்த்திருக்காது. கிடாக்களை அடைக்கிற பட்டியின் பழைய இரும்பு கேட் முன்னால் நின்று, அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"இதுதான்! இதேதான்!" என்றான்.

"அது கேட்டு. அதை என்னவோ மாதிரி தடவுறியே," என்றார் மெர்வ்.

"இந்த வளைவு எப்படி வந்தது?"

"என் மச்சான் குடிச்சுட்டு வண்டிய விட்டான்."

ஜாஸ்பர் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. கேட்டைக் கண்காட்சிக்குக் கொடுக்க முடியுமா என்று ஃபிலிப்பா கேட்டாள். முன்கூடத்துக்கும் உள் அறைக்கும் நடுவில் மாட்டுவார்களாம். கீல்களில் ஒலிவாங்கி வைப்பார்களாம். ஆட்கள் திறந்து போகும்போது எழுகிற கிறீச்சொலி கூடம் முழுக்கக் கேட்குமாம்.

மெர்வ் வேலியில் சாய்ந்துகொண்டார். "கேட்டு தர்றேன். ஆனா வெர்னா படம் உள்ளே மாட்டணும். கேட்டு இங்க இருக்கு. செவுரு உங்கிட்ட இருக்கு."

"மெர்வ், தேர்வுக்குன்னு ஒரு குழு இருக்கு. நான் மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்ல," என்று ஃபிலிப்பா இழுத்தாள்.

"அப்ப குழுவ விட்டே ஒரு கேட்டு செய்யச் சொல்லு."

ஜாஸ்பர் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனான். திரும்பி வந்தபோது ஃபிலிப்பா ஒத்துக்கொண்டாள். உள் அறையில் ஒரு இடம், கண்காட்சி முடியும் வரைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. கேட்டை என்ன செய்வது என்று பார்வையாளர்கள் தாங்களாகத்தான் முடிவு செய்ய வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. மெர்வ் கிட்டேயே போகக் கூடாது.

"நீங்க தலையிட்டீங்கன்னா பேச்சு முடிஞ்சுது. படம் இறங்கிடும்."

"கேட்ட சீண்டுற வயசா எனக்கு? சரி போ."

அன்று ராத்திரி சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னார், கேட்டுப் பேரத்தை மட்டும் விட்டுவிட்டு. வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "மாட்டறாங்களா? நெஜமாவா?" என்று கேட்டாள். அப்புறம் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள், சாப்பாடு பாதியில் இருக்கும்போதே.

திறப்பு விழா அன்று அவள் முடி திருத்தும் கடைக்குப் போய்வந்தாள். புது சட்டை போட்டாள். அந்த ஊர் வழக்கப்படி ஒரு தட்டு நிறைய சாசேஜ் ரோல் சுட்டு எடுத்துக்கொண்டாள். கூடத்தில் ஊரே இருந்தது. மேயர் பேசினார். ஃபிலிப்பா அவரைவிட நீளமாகப் பேசினாள். பிறகு எல்லோரும் பீர் பாட்டிலும் தட்டுமாகக் கூடத்தில் சுற்றினார்கள். முன்கூடத்தில் பார்க்க இருந்தது ஒரு குவியல் கயிறும், சுவரில் மாட்டிய ஒரு காலி சட்டமும்தான். அதைப் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கூட்டம் மெல்ல உள் அறைப் பக்கம் நகர்ந்தது. கேட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றது.

நின்றது நின்றதுதான்.

கேட் சாத்தியிருந்தது, சங்கிலி மாட்டியிருந்தது. அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அடித்து அடித்து ஏற்றிய சட்டம். கேட்டை எப்படிக் கண்டாயோ அப்படியே விட்டுவிட்டுப் போ. அடுத்தவன் சாத்தி வைத்த கேட்டைக் கேட்காமல் தொடாதே. ஒருவன் கேட்டைத் திறந்து போட்டான் என்பதற்காக அண்ணன் தம்பி வீட்டுக் கல்யாணம் சாவுக்குப் போகாமல் இருந்த குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு. மெர்வ் வீட்டிலேயே உண்டு.

அதனால் ஊர் மொத்தமும் கேட்டின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஒரு காலைக் கீழ்க்கம்பியில் வைத்துக்கொண்டு, மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. திறக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"உள்ள என்ன வச்சிருக்கானுங்க?" என்றாள் ஒருத்தி.

"என்னவோ. சாத்தி வச்சிருக்கானுங்கன்னா ஏதாவது காரணம் இருக்கும்," என்றான் பக்கத்து நிலத்துக்கார கிளெம். "கிடா ஏதாவது நிக்குதோ என்னவோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மெர்வ் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வெர்னா தட்டைப் பிடித்தபடி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து தன் படத்தின் சட்டம் விரற்கடை அகலத்துக்குத் தெரிந்தது. அவளும் கேட்டைத் தொடவில்லை. அவள் வீட்டுக் கேட்தான். கல்யாணமான நாளிலிருந்து திறந்து சாத்திய கேட்தான்.

மெர்வ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஃபிலிப்பாவிடம் போனார். "யாரும் உள்ள போகல. பாத்தியா? ஒரு வார்த்தை சொல்லு. தொறங்கன்னு சொல்லு."

ஃபிலிப்பா ஜாஸ்பரைப் பார்த்தாள். ஜாஸ்பர் முகம் பூரித்துப்போயிருந்தது. "ஒரு வார்த்தையும் வேண்டாம்! எவ்வளவு அழகான மௌனம். ஊரே எதிர்ப்பு காட்டுது. நான் நினைச்சதவிட ஆழமா போயிடுச்சு."

"எதிர்ப்பும் இல்ல, எழவும் இல்லடா. அவனுங்க ஒழுங்கா வளந்தவனுங்க."

"நம்ம பேச்சு ஞாபகம் இருக்கட்டும், மெர்வ்," என்றாள் ஃபிலிப்பா.

கண்காட்சி முடியும் வரைக்கும் படம் தொங்கும். ஒரு மனுஷன் கண்ணிலும் படாமல் தொங்கும். மெர்வ் கூட்டத்துக்குள் திரும்பிப் போய் வெர்னாவின் பக்கத்தில் நின்றார். பேரத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னார், முன்னால் பார்த்துக்கொண்டே, கால்நடைச் சந்தையில் விலை சொல்கிறவர் மாதிரி உதட்டை அசைக்காமல்.

வெர்னா தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆக, படம் நல்லா இருக்குன்னு மாட்டல. கேட்டுக்கு மாட்டினாங்க."

"ஆமா."

"நீ ஒரு மடையன், மெர்வ்."

"ஆமா. இப்ப சொல்லு. கையை வச்சேன்னா நாளைக்கு இறக்கிருவா. வைக்கலேன்னா எவனும் பாக்க மாட்டான்."

வெர்னா தட்டை அவர் கையில் திணித்தாள், அப்புறம் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். அவர் கை காலியாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். "தொற," என்றாள்.

மெர்வ் கூட்டத்தை விலக்கி முன்னால் போய்ச் சங்கிலியைக் கழற்றித் தள்ளினார். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு கிறீச்சு கிளம்பிற்று பாருங்கள், கழுத்தறுபட்ட பன்றி மாதிரி. மேயர் பீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். கேட் அகலத் திறந்து கிடந்தது.

"எந்தக் கழுதைடா தொறந்து போட்டது?" என்று கத்திக்கொண்டே கிளெம் ஓடிப்போய் இழுத்துச் சாத்தி, சங்கிலியையும் மாட்டிவிட்டான். மறுபடியும் பன்றி கத்திற்று.

"அடப் பாவி கிளெம்!"

"என்ன? தொறந்து கெடந்துச்சு. சாத்தினேன்."

"சாத்தச் சொன்னாங்களா உன்ன?"

"சாத்தித்தான இருந்துச்சு மொதல்ல?"

மெர்வ் வெளியே போனார். யூட் வண்டியின் பின்னால் கிடந்த வைக்கோல் கட்டுகிற ஆரஞ்சு நிறக் கயிற்றில் ஒரு முழத்தை அறுத்துக்கொண்டு வந்தார். கேட்டைத் திறந்து, சுவரோரத் தூணோடு இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். கயிறு போட்டுத் திறந்து கட்டிய கேட் என்றால் மந்தை தண்ணீருக்குப் போய் வருகிறது என்று அர்த்தம். அதைச் சாத்துகிறவன் கொலைகாரன்.

"ஓ, அப்படியா," என்றான் கிளெம். பீரை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனான். பின்னாலேயே ஊரும் போயிற்று, குட்டைக்குப் போகிற செம்மறிகள் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு.

ஜாஸ்பர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "வேலையைக் கொன்னுட்டான், கொன்னுட்டான்," என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

உள் அறையிலும் கருமங்கள் நிறைய இருந்தன. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பல் பிரஷ்கள். சுவரில் ஒரு ஈரத் துண்டு. அதையெல்லாம் கடந்து போய் ஜனங்கள் வெர்னாவின் படத்துக்கு முன்னால் குவிந்தார்கள். குவிந்து என்ன செய்தார்கள்? பாராட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த ஊருக்குப் பாராட்டத் தெரியாது.

"இது உங்க தெக்குக் குட்டைதானே? தண்ணி இவ்வளவு எப்படி?"

"பெரிய மழை பேஞ்ச வருஷம்," என்றாள் வெர்னா.

"அந்த வருஷம் காத்தாடிக்கு எறக்கை மூணுதான் இருந்துச்சு. நீ முழுசா போட்டிருக்க."

"மத்தது விழுந்தது அடுத்த வருஷம், கிளெம். நீ வந்து தூக்கிவிட்டியே, முதுகைப் புடிச்சுக்கிட்டு."

"ஆமாடி, அடுத்த வருஷம்தான்." கிளெம் படத்துக்கு இன்னும் கிட்டே போனான். "செம்மறிக்குக் காலு கொஞ்சம் குட்டையா இருக்கே?"

"சேத்துல நிக்குது, குருடா."

அந்தப் பேச்சு ஓயவே இல்லை. வேலி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, மேகம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேர் சண்டைக்கே போய்விட்டார்கள். வெர்னா ஒவ்வொருத்தருக்கும் திருப்பிக் கொடுத்தாள். சாசேஜ் ரோல் தட்டு எப்போதோ காலி. மெர்வ் ஓரமாக நின்று அவளைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் பார்த்ததில்லை.

ஃபிலிப்பா வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வருத்தமாத்தான் இருக்கு, மெர்வ். ஆனா சொன்னது சொன்னதுதான். நாளைக்குக் காலையில பின்வாசலுக்கு வந்து படத்தை எடுத்துக்குங்க," என்றாள்.

வெர்னா அதைக் கேட்டுவிட்டாள். "நாளைக்கு எதுக்கு?" என்றாள். எட்டிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"வெர்னா, இப்படிச் செய்யக் கூடாது. ஜனங்க பாத்துக்கிட்டிருக்காங்க."

"பாக்கட்டும்னுதான் போட்டேன். பாத்துட்டாங்க."

கிளெம் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மெர்வ் பக்கம் திரும்பினான். "அப்ப அந்தக் கேட்டு உன்னுதா?"

"என்னுதுதான்."

"கேட்டில்லாம கிடாவை எப்படி அடைக்கிறே?"

"கட்டை வச்சு அடைச்சிருக்கேன்."

"அறிவு கெட்டவனே, கிடா கட்டைக்கு நிக்குமா? வாங்கடா, ஒரு கை குடுங்க."

நாலைந்து பேர் கயிற்றை அவிழ்த்துக் கேட்டைக் கீலிலிருந்து தூக்கினார்கள். ஒலிபெருக்கி கடைசியாக ஒருமுறை கத்திவிட்டு ஓய்ந்தது. ஜாஸ்பர் குறுக்கே வந்தான். கிளெம் அவனைப் பார்த்து, "தம்பி, அந்த முனையப் புடி, சும்மா நிக்காதே," என்றான். அவன் பிடிக்கவில்லை. ஆனால் விலகிக்கொண்டான்.

வெர்னா முன்வாசல் வழியாகத்தான் போனாள், படத்தின் முகம் வெளியே தெரிய. கேட்டைச் சுமந்துகொண்டு ஆண்கள் பின்னால் வந்தார்கள். யூட் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் மெர்வ் வழக்கப்படி தார்ப்பாயை உதறினார்.

"அதை மடிச்சு வை," என்றாள் வெர்னா. படத்தை முன்சீட்டில் தன் மடிமேல் நிறுத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள்.