வெயில் இருக்கவே படுத்துவிட்ட சிலை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சிலையைப் பார்க்கப் போய், ஒரு மூடியைப் பார்த்துவிட்டு வந்தோம்.

கனடாவிலிருந்து மச்சான் வந்திருந்தார் — என் மனைவியின் மூத்த அண்ணன். இருபது வருடமாக அவருக்கு ஒரே பேச்சுத்தான். "என்ர தங்கச்சியைக் கொண்டுபோய் மாடு மேயிற இடத்தில இருத்தி வச்சிருக்கிறீர்." வட ஐரோப்பாவில் நாங்கள் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோ அவர் கண்ணில் ஊரே இல்லை.

எனக்கு இது ரோஷப் பிரச்சினை. அவர் விமானம் ஏறும் முன்பே போனில் அளந்துவிட்டேன்... எங்கள் ஊரில் ஒரு சிலை இருக்கிறது, ஈர்க்குமாதிரி மெலிந்த பெண், பகலில் சதுக்கத்தில் நிற்பாள், இரவில் லிஃப்டில் நிலத்துக்குக் கீழே இறங்கிவிடுவாள், எங்கெங்கிருந்தோ வந்து படம் எடுக்கிறார்கள் என்று. மச்சானிடம் இருந்தது அந்த ஒரு ஞாயிறு மட்டும். மறுநாள் பயணம்.

நாலேகாலுக்குக் கார் சாவியை எடுத்தேன். மனைவி சமையலறைக் கலண்டரைக் காட்டினாள். நாலரை முதல் ஆறு, ராகு காலம்.

"வழியில பிடிச்சிடும். இருங்கோ."

பத்து நிமிடப் பயணத்துக்கு ராகுவா? அவளுடைய அண்ணன் முன்னால் யார் கேட்பது? இருந்தோம். ஆறுக்குப் பிறகு தேத்தண்ணி, வடை, சேலை மாற்றல்... புறப்பட எட்டு மணி.

ஜூன் மாதம், நல்ல வெயில். வெளிச்சம் இருக்கும்வரை சிலையும் நிற்கும் என்று நம்பித்தான் போனேன். சதுக்கத்தில் யாரும் இல்லை. தரையில் ஒரு மூடி.

"எங்க மச்சான்?" என்று அவர் கேட்டார்.

"கீழ."

"வெயில் எறிக்குது. அதுக்குள்ள படுத்திட்டாவோ?"

மச்சான் போனை எடுத்தார். குடும்பக் குரூப்பில் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன். அவர் திறந்தது பஞ்சாங்க ஆப்.

"தங்கச்சி, நீ பாத்தது யாழ்ப்பாணக் கலண்டர். ஞாயிறு ராகு பொழுதுபடுறதுக்குச் சற்று முந்தித்தான். இஞ்ச பொழுதுபடப் பத்து மணி தாண்டும். இஞ்சத்தை ராகு காலம் இப்பதான் தொடங்குது."

ஆக, நல்ல நேரத்தையெல்லாம் சோபாவில் கழித்துவிட்டு, ராகுவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்வதில் மும்முரமானாள்.

நான் சமாளித்தேன். "இஞ்ச அப்பிடித்தான் மச்சான். நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில, வேலை நேரம் முடிஞ்சும் நிண்டா பொறுப்பா இருக்கிற லீடரே 'வீட்ட போ' எண்டு கலைப்பா. சிலைக்கும் அதே சட்டம்தான்."

நக்கலுக்குத் தயாராக நின்றேன். மச்சான் சிரிக்கவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். கனடாவில் பகலில் தொழிற்சாலை, பின்னேரம் ஒரு கடை, சனி ஞாயிறும் வேலை — சொந்தப் பிள்ளைகள் வளர்ந்ததில் பாதியைப் படங்களில் பார்த்த மனிதர். இருபது வருடத்தில் முதல்முறையாக எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது.

"மச்சான்," என்றார் மெதுவாக. "இந்த ஊரில எனக்கும் ஒரு வேலை எடுக்கேலுமோ?"

இருபது வருட வழக்கு, சாட்சியான சிலை மேலே வராததாலேயே எனக்குச் சாதகமாக முடிந்தது.