மக்னோலியாவுக்கு முடிவெட்டிய அக்கா

தெருவில் எல்லோருக்கும் அவர் சலூன் அக்கா. வீட்டு முன்னறையில் ஒரே ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி. அவ்வளவுதான் கடை. ஆனால் அந்தத் தெருவில் அக்கா கை படாத தலை குறைவு. கத்தரி ஓட ஓட வாயும் ஓடும். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் பாதிப் பேர், தெருவில் என்ன விசேஷம் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தார்கள்.

வாசலில் ஒரு மக்னோலியா மரம். நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கு அதில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பூக்கள், வெளியே ரோஜா நிறம், உள்ளே பால் வெள்ளை. "செண்பகத்துக்குச் சொந்தமாம்" என்று அக்கா பெருமையாகச் சொன்னார். "சொந்தம்னு சொல்லிட்டல்ல, இனிமே எட்டிப் பாக்காது" என்றார் அவர் கணவர்.

விளையாட்டுக்குச் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. மரம் ஆள் உயரம் தாண்டி வளர்ந்தது, இலை விட்டது, பூ மட்டும் இல்லை. அக்காவும் ஒரு குறை வைக்கவில்லை. இலை உதிர்ந்ததும் ஏணி போட்டு ஏறி, தலைக்கு வெட்டுகிற மாதிரியே சுற்றிச் சுற்றி வெட்டி மரத்தைப் பந்து போல ஆக்கிவிடுவார். கிளை நுனிகளில் பூனைக்குட்டிக் காது மாதிரி மயிரோடு முடிச்சு முடிச்சாக ஏதோ இருக்கும். பூச்சிக்கூடு என்று அதையும் ஒன்று விடாமல் கிள்ளிப் போட்டுவிடுவார்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஜன்னல் துடைக்கிற தொழிலாளி. நாற்பது வயது, தனி ஆள், அதிர்ந்து பேசத் தெரியாதவர். யார் ஊருக்குப் போனாலும் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்ற. ஒரு கோடையில் அக்கா தன் தங்கை வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பி வந்து காரை விட்டு இறங்கும்போது, அவர் தன் வாளியை வேலிக்கு மேலாகத் தூக்கி மக்னோலியாவின் அடியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் சிரித்துக் கையசைத்தார். அக்காவும் சிரித்தார். ஆனால் மனசுக்குள் முள் தைத்துவிட்டது.

அடுத்த வசந்தத்திலும் மரம் பூக்கவில்லை. "பூக்குமா? ஜன்னல் துடைச்ச சோப்புத் தண்ணிய என் மரத்துக்கு ஊத்துறான். என் கண்ணால பாத்தேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தியிடம் அக்கா சொன்னார். பிறகு அடுத்தவளிடம். பேச்சுக்குக் கண் மூக்கு வைக்க ஆளா இல்லை? சில வாரங்களில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்து உட்கார்ந்து, "ஏன்க்கா, பக்கத்து வீட்டுக்காரர் உங்க மரத்துக்கு ஆசிட் ஊத்தினாராமே?" என்று கேட்டார். அது ஆசிட் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். இருந்தும், "என்னத்த சொல்ல" என்று பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்து வெட்டினார்.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் யாரும் சாவி கொடுக்கவில்லை. அவரும் அக்கா கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். முடி காதை மூடி வளர்ந்து கிடந்தது. வாசலில் எதிர்ப்பட்டால் குனிந்துகொண்டு போவார். "பாத்தீங்களா, முகத்துக்கு நேரா பாக்க முடியல" என்று அக்கா கணவரிடம் சொன்னார்.

அந்த வருஷம் இலையுதிரும் நேரத்தில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு. கடைக்கும் பூட்டு, மரத்துக்கும் விடுதலை. குளிர்காலம் முழுக்க மரம் சீவாத தலையோடு நின்றது. ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்குக் கை அரித்தது.

வசந்தம் வந்தபோது, ஓர் இலைகூட இல்லாத கிளைகளில் மரம் கொள்ளாமல் பூ. போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். அக்கா வாசலில் நின்று பெருமிதமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கணவர் தரையில் குனிந்து எதையோ பொறுக்கி வந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பூ விரிந்தபோது கழன்று விழுந்த மொட்டுறை. மயிர் மயிராக, பூனைக்குட்டிக் காது மாதிரி.

"இததானே வருஷா வருஷம் வாளி வாளியா கிள்ளிக் கொட்டுவ?"

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. கோடையிலேயே கட்டிவிடுகிற மொட்டு, குளிர் தாண்டி விரியக் காத்திருந்த மொட்டு, அத்தனையையும் தன் கையாலேயே வெட்டித் தள்ளியிருக்கிறார். பழி மட்டும் இன்னொருவர் தலையில். வாசலில் நின்றவர்கள் பூவைப் புகழப் புகழ, அக்காவுக்கு உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு நாள் தள்ளிப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"தம்பி, தப்பு என் மேலதான். நான்தான் மொட்ட வெட்டியிருக்கேன். உங்களப் போய்..."

"தெரியும். பூத்திருக்குல்ல, பாத்தேன்."

"அன்னைக்கு வாளியில இருந்தது..."

"வெறும் தண்ணி. நீங்க ஊர்ல இல்ல. இலையெல்லாம் தொங்கிப் போயிருந்துச்சு."

அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"நீங்க எங்கிட்ட கேக்கவே இல்லையே." முன்பெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்றவர், அன்றைக்கு ஒருமுறைகூட அப்படிக் கூப்பிடவில்லை. "எங்கிட்ட எதுக்கு இத சொல்றீங்க? அப்ப யார்கிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க." கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

கை முழுதாகத் தேறிக் கடை திறந்ததும் அக்கா உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். நாற்காலியில் இருப்பவரின் முகத்துக்கு மேலே கண்ணாடியில் தன் முகமும் தெரிய, அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. அவதூறு சொன்னபோது தடங்கலில்லாமல் ஓடிய வாய், இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் இடறியது. சிலருக்கு விஷயமே மறந்து போயிருந்தது, அவர்களுக்கு முதலில் பொய்யை நினைவுபடுத்திவிட்டுப் பிறகு அது பொய் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த டீச்சரோ, "இருக்கட்டும்க்கா, இருந்தாலும் அவர் ஒரு மாதிரிதான்" என்றார்.

"இல்லம்மா. அவர் ஒரு மாதிரியும் இல்ல. நான்தான்" என்றார் அக்கா. டீச்சர் பேச்சை மாற்றிவிட்டார்.

தெரு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் மறுபடி பேச ஆரம்பித்தது. எல்லோரும் இல்லை. அக்காவைப் பார்த்தால் அவர் இப்போது தலையை லேசாக அசைப்பார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதுவே தனக்கு அதிகம் என்று அக்கா நினைத்துக்கொள்வார்.

அடுத்த வசந்தத்தில் பூ இன்னும் அதிகம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வழியில் போன ஒரு பெண் நின்று, "எவ்வளவு அழகா வளத்திருக்கீங்க! என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணாம இருந்தேன்மா" என்றார் அக்கா.

பக்கத்து வீட்டு வாசலில் ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்ததோ என்னவோ. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் அக்கா உள்ளே போய்விட்டார்.