மலையேறிப் போன கல்யாண ஜாக்கெட்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்... ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசையின் கடைசி வீட்டில் இருக்கும் ஒரே பிளாஸ்டிக் நாற்காலி இன்று காலை முதல் காலியாக உள்ளது. காலி செய்த மாவீரன் அடியேன். வாழ்த்துகளை கமெண்டில் போடவும்.

சிரிக்காதீங்க மக்களே. அந்த நாற்காலியின் வரலாறு தெரிந்தால் நீங்களும் அதில் உட்காரமாட்டீர்கள்.

மெஷின் எண்ணெய் வாசம்... அதுதான் எங்கள் வீட்டு வாசம். அம்மா தையல்காரி. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, ஒரு மெஷின். மிச்ச இடமெல்லாம் துணி. கட்டிலில் துணி, கதவில் துணி, தலையணைக்கு அடியில் ஊசி. "எங்களுடையது துணிச்சலான வீடு" என்று ஸ்கூலில் சொல்லுவேன். ஆனால் ஒருத்தனையும் கூட்டி வந்து காட்டியதில்லை.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை அம்மா வாசலில் ஒரு அரிசிப் பையில் போட்டு வைப்பார். மத்தியானம் சாப்பிட வந்துவிட்டு, கொழுந்து பறிக்க மலைக்குத் திரும்பும் அக்காமார் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போவார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையை அறுக்காமல் இருக்க, மடித்து வைத்துக்கொள்ள.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் கிளாஸ் டீச்சருக்குக் கல்யாணம். கூறைச்சேலையோடு வந்த ஜாக்கெட் துணியை அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவின் முதல் கல்யாண ஆர்டர். நல்லபடியாக முடிந்தால் பதுளை டவுனிலிருந்தும் ஆள் வரும். கெட்டால், கையில் இருக்கிற யூனிஃபோம் தையலும் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் டீச்சர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வகுப்பில் அவ்வளவு வாய் பேசுகிறவன் இந்தக் குவியலுக்குள்ளா படுக்கிறான் என்று அவர் பார்த்துவிட்டால்?

காலையில் கொக்கி வாங்க அம்மா பதுளைக்கு பஸ் ஏறினார். நான் வீட்டைச் சுத்தம் செய்யும் வேலையில் இறங்கினேன்.

மத்தியானம் வீடு பளபள. அரிசிப் பை நிரம்பி வழிந்தது.

"என்னடா, பை இன்னைக்கு மாசமா இருக்கு?" பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா.

"அள்ளுங்கக்கா, சேல் போட்டிருக்கு!"

அம்மா வந்தார். பளபளத்த வீட்டைப் பார்க்கவே இல்லை. நாற்காலியை மட்டும் பார்த்தார்.

"இதுல இருந்தது எங்கடா?"

"எதும்மா?"

"வெட்டி வச்ச டீச்சர் ஜாக்கெட்டு."

தைக்கும் வரைக்கும் ஜாக்கெட் என்பது வெறும் துண்டுகள்தான்... அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிலில் கிடந்தால் தைத்து முடித்தது, கதவில் தொங்கினால் கொக்கி வைக்க வேண்டியது, நாற்காலியில் இருந்தால் வெட்டியது. நான் குப்பை என்று நினைத்தது அம்மாவின் அலுமாரி.

அம்மா திட்டவில்லை. அடிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். அதுதான் பயமாக இருந்தது.

மலைக்கு ஓடினேன். முதுகுத் துண்டு ஒரு அக்காவின் தலையில்... முன்பக்கம் இரண்டும் இன்னொருவர் தலையில்... ஒரு கை மூன்றாமவரிடம். கெஞ்சிக் கெஞ்சி வாங்கினேன்.

மிச்சம் இன்னொரு கை. அது மாரியாயி அக்காவிடம். அவர் நின்றது மேல் மூலையில், குளவிக்கூடு தொங்கும் மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி. கங்காணி என்னைக் கண்டதும் வாயில் விரல் வைத்துக் காட்டினார். கூடு கலைந்தால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதியும் இருந்தது. அதற்குச் சில வாரம் முன்னால்தான், சும்மா பகிடிக்கு, "குளவி! குளவி!" என்று கத்தி எல்லோரையும் ஓட வைத்திருந்தேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"அக்கா... தலையில இருக்க துணிய குடுங்க..."

"ஏன், குளவி உக்காந்திருக்கா?" அவரும் கிசுகிசுத்தார். "போடா அங்கிட்டு. அன்னைக்கு நீ கத்துன கத்துல தண்ணி ஓடுற கான்ல விழுந்தேன், இன்னும் முட்டி வலிக்குது."

"டீச்சர் கல்யாண ஜாக்கெட்டுக்கா... அதோட கை..."

"பொய் நல்லா வருது ஒனக்கு!"

மேலே கூட்டில் கிர்ரென்று சத்தம். கத்திச் சொல்லவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அக்கா என்னையே பார்த்தார். பிறகு கூடையை இறக்கி, கயிற்றுக்கு அடியிலிருந்த அரக்கு நிறத் துண்டை விரித்துப் பார்த்தார்.

"அய்யோ, பட்டு! ஒங்கம்மா பாவம்டா... ஓடு. ஏய், ஓடாத! மெதுவாப் போ."

வீட்டுக்கு வந்தால், அம்மா தேடியதில் வீடு முன்பைவிட அலங்கோலம். துண்டுகளை எண்ணி வாங்கினார். கடைசியாக வாங்கிய கையில் தேங்காயெண்ணெய்க் கறை. அதைத் துடைப்பதற்குள் டீச்சர் வாசலில்.

நான் குசினிக் கதவுக்குப் பின்னால். அம்மா எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு நெஞ்சு அடித்தது மெஷின் மாதிரிக் கேட்டது.

டீச்சர் துணிக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ணெயும் கொழுந்தும்... எங்கம்மா நமுனுகுலயில கொழுந்து பறிச்சவங்கதான். அவங்க தலத்துணி இப்படித்தான் வாசம் வரும்."

துண்டை மடித்து அம்மாவிடம் நீட்டினார்.

"கறை உள்பக்கம் போற மாதிரி தைங்கக்கா. கழுவ வேணாம்."

பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "உள்ள ஒளிஞ்சிருக்கவரு திங்கக்கிழம என்னை வந்து பாக்கட்டும்."

இப்போது இரண்டு மெஷின். துணி குசினி வரைக்கும் வந்துவிட்டது. டவுனிலிருந்தும் ஆள் வருகிறார்கள். டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். மாரியாயி அக்கா கொழும்பில், மகள் வீட்டில். மலைக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அரிசிப் பை அப்போது மாதிரி உடனே காலியாவதில்லை. நண்பர்களை இப்போது வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். "பாத்து உக்காரு மச்சான், அது ஆர்டர்" என்று கொஞ்சம் கெத்தாகவே சொல்கிறேன்.

ஆங்... அந்த நாற்காலி விஷயம். அதைக் காலி செய்தது நான் இல்லை. அதில் இருந்த துணியைத் தைப்பதற்காக அம்மாதான் எடுத்தார். அதுவும் முழுதாகக் காலியில்லை... நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு நீலத் துண்டு கிடக்கிறது. குப்பையா, ஆர்டரா, தெரியவில்லை. தொடவும் பயம், கேட்கவும் பயம்.

தரையில் உட்கார்ந்துதான் இதை டைப் பண்ணுகிறேன்.