புகார் யாருக்குப் போகும்?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் போன வாரம் பழைய கீபோர்டுகளைத் தரையில் குவித்து வைத்திருந்தார்கள். நான் வாங்கப் போனது துடைப்பம். ஆனாலும் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த அந்த வாசனை.

"இன்னாக்கா, கீபோர்டை மோந்து பாத்து வாங்குற மொத ஆளு நீதான்" என்றார் கடைக்காரர்.

அது தாம்பரத்தில் எங்கள் சபை ஆபீசின் வாசனை. பன்னிரண்டாவது முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் ரூபன் அண்ணா விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தார். அவருக்குக் கம்பெனி வேலை. சனிக்கிழமைகளில் வந்து எனக்குச் சொல்லித்தருவார். அன்றாட வேலைக்கு என் பெயரில் ஒரு கணக்கு. மெஷினையே மாற்றும் வேலைக்கு 'ரூட்' என்று ஒரு பெரிய கணக்கு. அதன் பாஸ்வேர்டைப் போதகர் ஐயா கேட்டபோதும், "உங்களுக்கு எதுக்குங்கய்யா அந்தப் பாரம்" என்று அண்ணா சிரித்துவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை புது பிரிண்டர் வந்தது. ஞாயிறு ஆராதனைத் தாளை அதில் அடித்து அசத்த எனக்கு ஆசை. அண்ணா தன் கணக்கிலிருந்தே 'சூடோ' என்று தட்டி, ரூட்டின் அதிகாரத்தை அந்த நேரத்துக்கு மட்டும் வாங்கி, இதுபோன்ற வேலைகளைச் செய்வதைப் பார்த்திருந்தேன். நானும் தட்டினேன். என் பாஸ்வேர்டைக் கேட்டது. அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. லினக்ஸ் அப்படித்தான் மறைக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பிஸ்கட் தூள் விழுந்தது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் ஆங்கிலத்தில் ஒரே பதில்: உனக்கு அனுமதி இல்லை. இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்.

யாருக்கு?

போதகர் சிபாரிசில் கிடைத்த வேலை. புகாரும் அவருக்குத்தான் போகும் என்று நினைத்தேன். மெஷின் முந்துவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். ஜெபித்துவிட்டு, பின்பக்கத்திலிருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, கம்ப்யூட்டர் உங்க கிட்ட எதாவது சொல்லிச்சா?"

ரசம் பிசைந்த கை நின்றது. "இல்லியேம்மா. எது, நம்ம கம்ப்யூட்டரா?"

அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள் என்றும் கெஞ்சினேன். "ரூபன் வரட்டும்" என்றார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வந்த அண்ணா சிரித்தார். "அந்தப் புகார் எனக்குத்தான் வரும். நான்தான் படிக்கிறதே இல்ல."

காட்டுங்கள் என்றேன். பயத்தைவிட ஆவல் பெரிதாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கோப்பைத் திறந்தார். என் பெயர் மூன்று இடத்தில், மணி நிமிடத்தோடு. மற்றபடி பக்கம் பக்கமாக அவர் பெயர்.

"நீங்களும் மாட்டிக்கிட்டீங்களாண்ணா?"

"சூடோ போட்டு நான் செய்யறது எல்லாம் இதுல விழும். நேரா ரூட்டா உள்ள போனா, யார் பண்ணாங்கன்னே தெரியாது. அப்படிப் போயி ஒரு தடவ மொத்தத்தையும் அழிச்சவன் நான். இப்ப நானே போறதில்ல."

அதிகாரம் உள்ளவர் பெயரே அதிகம் எழுதப்பட்டிருந்தது. 'அதிகம் கொடுக்கப்பட்டவனிடம் அதிகம் கேட்கப்படும்' என்ற வேத வசனம் படித்தாற்போல் இருந்தது எனக்கு. அன்றே பிரிண்டர் வேலைக்கு மட்டும் என் பெயரையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தார். "தானா வந்து சொன்ன பொண்ணு, குடுக்கலாம்னு ஐயா சொல்லிட்டாரு."

போன மாதம் அந்த ஆபீசுக்குப் போயிருந்தேன். இப்போது அங்கே வேலை பார்க்கும் மெர்சி, புது லேப்டாப்பில் நான் செய்ததையே செய்தாள். அனுமதி இல்லை என்றது. நான் குனிந்து காத்திருந்தேன்.

"என்ன ஆன்ட்டி தேடுறீங்க?"

"புகார் பண்ணுவேன்னு கீழ இன்னொரு வரி வருமே."

"அவ்ளோதான் ஆன்ட்டி."

புது லினக்ஸில் அந்த வரி வருவதில்லையாம். மெர்சி லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடிக்கப் போனாள். பின்பக்கம் போதகர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ஓடிப்போய்ச் சொல்வதற்கு யாருக்கும் ஒன்றும் இல்லை.