துரைக்கு அயடீன் ஊசி போட்ட கதை

தொண்ணூறுகளில் லண்டனில் ஒரு மிருக ஆஸ்பத்திரியின் கதிரியக்கப் பிரிவில் வேலை செய்தேன். அதற்கு முன்பு மனிதர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தவள். "மனிசரை விட்டிட்டுப் பூனைக்கே போனனீ?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பூனை மறுத்துக் கதைக்காது என்று சொல்லிவைத்தேன். பூனையின் வீட்டுக்காரர்களைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும் கிழட்டுப் பூனைகளுக்கு ஒரே ஒரு ஊசி போடுவோம். ஊசிக்குள் கதிரியக்க அயடீன் இருக்கும். அது சுரப்பியில் போய்த் தங்கி நோயை அடக்கிவிடும். ஆனால் அதன்பின் கொஞ்ச நாளைக்குப் பூனையே ஒரு கதிரியக்கப் பொருள். கதிர்வீச்சு மீட்டரில் அளவு இறங்கும்வரை தனி வார்டில் வைத்திருப்போம். வீட்டுக்கு விட்ட பிறகும் கட்டுப்பாடு உண்டு. மடியில் வைக்கக் கூடாது. கட்டிலில் படுக்கவிடக் கூடாது. அது மலசலம் கழிக்கும் தட்டை கிளவுஸ் இல்லாமல் தொடக் கூடாது. சிறுபிள்ளைகளும் கர்ப்பிணிகளும் கிட்டவே போகக் கூடாது. இதையெல்லாம் வீட்டாரை இருத்தி விளங்கப்படுத்துவது என் வேலை.

லூயிஷாமில் இருந்து தர்மலிங்கம் ஐயா கொண்டுவந்த பூனையின் பெயர் துரை. பெயருக்கு ஏற்ற நடை. ஊசி போட்டதும் துரை சாப்பாட்டை நிறுத்திவிட்டது. மீன் வைத்தோம், கோழி வைத்தோம். மணந்து பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது. "அளவு விடக்கூடிய மட்டுக்கு இறங்கிவிட்டது. இங்கே வைத்திருந்தால் பட்டினியில் செத்துப்போகும், வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றார் டொக்டர்.

கூட்டிப்போக மூன்று பேர் வந்தார்கள். ஐயா, அவர் மனைவி புவனேஸ்வரி, மகள் சுமதி. சுமதியும் கணவரும் அதே வீட்டில் மேல்மாடியில் இருந்தார்கள். நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் ஐயாவே பதில் சொன்னார். கேட்காததற்கும் சொன்னார்.

"வீட்டில ஆராவது பிள்ளைத்தாச்சியா இருக்கினமா?"

"ஒருத்தருமில்லை, பிள்ளை. எங்கட வீட்டில வயிறு வச்சிருக்கிறது நான் மட்டும்தான்" என்று தன் வயிற்றைத் தட்டிச் சிரித்தார்.

மற்ற இருவரும் சிரிக்கவில்லை. புவனேஸ்வரி அன்ரி சுவரைப் பார்த்தார். சுமதி தான் இருந்த கதிரையை மெல்லக் கதவுப் பக்கம் நகர்த்தினாள்.

"ஐயா, துரை உங்களைத்தான் தேடுது. நேர்ஸோட போய், நிலத்தில கீறியிருக்கிற கோட்டுக்கு இங்கால நிண்டு கொஞ்சம் கதையுங்கோ" என்று அவரை வார்டுக்கு அனுப்பிவிட்டு, மகளைப் பார்த்தேன்.

அன்ரிதான் பேசினார். "இவளுக்கு இன்னும் மூண்டு மாதம் ஆகேல்லை, தங்கச்சி. போன முறை இவருக்குக் காலமை சொன்னம். பின்னேரம் கோயிலடியில முழுச் சனமும் கேக்குது. பிறகு அது தங்கேல்லை."

"தங்கேல்லை எண்டு ஒவ்வொருத்தருக்கும் நான்தான் சொல்ல வேண்டி வந்தது, அக்கா" என்றாள் சுமதி. "அதாலதான் இந்த முறை அப்பாட்டச் சொல்லேல்லை."

பூனை வீட்டுக்குப் போனால் அவள் அங்கே இருக்க முடியாது என்று சொன்னேன். ஈஸ்ட் ஹாமில் மச்சாள் வீட்டுக்குப் போகலாம் என்றாள். "காரணம் சொல்லாமப் போனா மருமகனோட சண்டை எண்டு இவர் நினைப்பார். அண்டைக்கே பூனையையும் தூக்கிக்கொண்டு சமாதானம் பேச வந்திடுவார்" என்றார் அன்ரி. நடக்கக்கூடியதுதான்.

சுமதி கதிரையை விட்டு எழுந்தாள். "அப்பாவைக் கூப்பிடுங்கோ, அக்கா. நானே சொல்லுறன்."

சொன்னாள். ஐயா மகளையும் அன்ரியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப துரை இங்கயே நிக்கட்டும், பிள்ளை."

"அது சாப்பிடுதில்லையே, ஐயா."

"தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேண்டாம், அப்பா. நான் மச்சாள் வீட்ட போறன், துரை வீட்ட வரட்டும்" என்றாள் சுமதி. "நீங்கள் ஒண்டு மட்டும் செய்யுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

சில வாரம் கழித்து இரத்தப் பரிசோதனைக்குத் துரையைக் கொண்டுவந்தார்கள். உடம்பு வைத்திருந்தது. மீட்டரும் பேசாமல் கிடந்தது. மகள் வீடு திரும்பிவிட்டாள், நலமாக இருக்கிறாள் என்றார்கள்.

"ஒரு சனத்துக்கும் சொல்லேல்லை, பிள்ளை" என்றார் ஐயா பெருமையாக.

"ஓம், சனத்துக்குச் சொல்லேல்லை" என்றார் அன்ரி. "பின்னறைக் கதவடியில கதிரையைப் போட்டு, நீங்கள் சொன்ன தூரத்தில இருந்து, ஒவ்வொரு நாளும் பூனைக்குச் சொன்னவர்."

"அதுவும் வீட்டு ஆள்தானே. தெரியத்தானே வேணும்" என்றார் ஐயா.

ஆறேழு மாதம் கழித்து அடுத்த முறை பரிசோதனைக்கு வந்தபோது, பேத்தி பிறந்த செய்தியை வரவேற்பறையில் நாயோடு காத்திருந்த வெள்ளைக்காரருக்குக்கூடச் சொல்லி முடித்திருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கர்ப்பிணி யாராவது உண்டா என்று முழுக் குடும்பத்தையும் ஒன்றாக இருத்திவைத்துக் கேட்காதீர்கள். அதிகம் கதைப்பவரைப் பூனை பார்க்க அனுப்பிவிட்டு, கதிரையை நகர்த்துகிறவரைக் கேளுங்கள்.