மைக் செட்காரனின் நன்றியுரை

மைக் செட் தொழிலில் ஒருவன் எத்தனை வருடம் இருந்தாலும் மைக்கில் அவன் பேசுவது மூன்றே சொற்கள்தான்: ஒன், டூ, த்ரீ.

அதற்கு மேல் பேச நமக்கு வேலை இல்லை. மூன்று சொன்னதும் வேறு ஒருவர் வந்து மைக்கை வாங்கிக்கொள்வார். நாம் போய் ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்துவிடலாம். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு இதைவிட நல்ல தொழில் கிடையாது. ஊரே அதிரும்படி சத்தம் வரும், ஆனால் ஒருவரும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, குன்னத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கரையும் ஒரு பெட்டியையும் வைத்து ஆரம்பித்தேன். இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. நான்கு என்ற எண்ணைச் சமீபம் வரை மைக்கில் சொன்னதில்லை. மைக் செட் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். மேடை ஏறச் சொன்னால் பின்வாசலைத் தேடுகிற மற்றவர்களுக்கும் புரியும். உங்கள் இரண்டு கூட்டத்தாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

நோட்டீஸ் வந்தது

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து மைக் செட்காரர்களும் சேர்ந்து, அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாநாடு நடத்துவது என்று முடிவானது. எங்கள் சங்கச் செயலாளர் கலியமூர்த்தி அரியலூர்க்காரர். நோட்டீஸ்களைக் கட்டாக வண்டியில் வைத்துக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார். உறுப்பினர்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று போட்டிருந்தது. கடைசி வரியில் 'நன்றியுரை' என்று போட்டு அதற்கு எதிரே என் பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் 'மூத்த உறுப்பினர்' என்று வேறு சேர்த்திருந்தார்கள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சரோஜா ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'ஊமை மாப்ள' என்றே கூப்பிடுகிற அவளுடைய அண்ணன் பாடாலூரில் இருக்கிறார். அவருக்கு போன் போட்டு, "நீயும் வாண்ணே, வந்து உன் காதால கேட்டுட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும்தான் பாவம், எத்தனையோ பேர் பேசுவதை என் மைக்கில் கேட்டிருக்கிறாள். என்னைத்தான் கேட்டதில்லை. இனி நான் பேசவில்லை என்றால் தலைகுனிவு எனக்கு மட்டுமல்ல. இருந்தாலும் குரலைத் தணித்து, வேறு யாரையாவது போட்டுவிடப்பா என்று கலியமூர்த்தியிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் சொன்னார்: "அண்ணே, நோட்டீஸ் அடிச்சாச்சு. உங்க பேர எடுக்கணும்னா இந்தக் கட்டு பூரா ஒவ்வொன்னா மை தடவணும். அதுக்கு நீங்க மூணு நிமிசம் பேசிப்புடலாம்."

காது குத்து

மறுநாளே யார் யாருக்கு நன்றி சொல்வது என்று எண்ணிப் பார்த்தேன். தலைவரில் தொடங்கி சாம்பார் ஊற்றுகிறவர் வரை பதினொரு பேர் வந்தார்கள். ஒருவர் விட்டுப் போனாலும் மனம் சமாதானப்படாது எனக்கு. ஆகவே கிடைத்த இடத்தில் எல்லாம் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன்.

பாடாலூர்ப் பக்கம் ஒரு கோயிலில் காது குத்து. பெரிய வேலை என்பதால் அக்பர் பாயின் வேனையும் பெட்டிகளையும் சேர்த்துக்கொண்டேன். அவர் லெப்பைக்குடிகாட்டுக்காரர், எனக்குத் தொழில் கூட்டாளி. முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. வயர் இல்லாத மைக் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனேன். மைக் கையில் இல்லாவிட்டால் எனக்கு ஒரு வார்த்தையும் நினைவுக்கு வராது. ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவன் கையில் மைக் வந்தால், அவனைக் கேட்காமலே கட்டைவிரல் சுவிட்சை மேலே தள்ளிவிடும்.

"வருகை தந்து சிறப்பித்த அனைத்து நல்ல உள்ளங்களுக்கும் நன்றி. வயிறார உணவளித்த சமையல்காரருக்கு நன்றி. அனைவரும் பத்திரமாக ஊர் போய்ச் சேர வேண்டுகிறேன்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். நான்கு குழாயிலும் அது போயிருக்கிறது. வேனைச் சுற்றி நான் வெளியே வந்தபோது இரண்டாம் பந்திக்கு நின்றவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் கும்பிட்டுவிட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழந்தையின் தாய்மாமன் மாலையும் கழுத்துமாக என்னிடம் ஓடி வந்தார்: "ஏங்க, புள்ளைக்கு இன்னும் காதே குத்தலைங்க! அதுக்குள்ள நன்றி சொல்லி ஊருக்கு அனுப்புறீங்களே!"

துக்க வீடு

பாடம் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த வேலைக்குப் போனபோது கைமைக்கின் பேட்டரி இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அது குன்னத்திலேயே ஒரு துக்க வீடு. பேரன் பேத்திகளுக்கு எல்லாம் கல்யாணம் செய்து பார்த்துவிட்டு, தொண்ணூறைத் தாண்டிப் போன பெரியவர். அதனால் கொட்டும் பாட்டுமாக எடுத்தார்கள். ஒப்பாரி பாடுகிற பெண்கள் டீ குடிக்க எழுந்து போயிருந்தார்கள். எங்கும் அமைதி. பந்தல் ஓரமாக நின்று, பேட்டரி இல்லாத மைக்கை வாய் அருகே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சொல்லிப் பார்த்தேன். என் முழங்கைக்குப் பக்கத்திலேயே ஒப்பாரிக்காக ஸ்டாண்டில் வைத்த வயர் மைக் இருந்தது. அதை நானேதான் வைத்திருந்தேன். சத்தம் நன்றாக இழுக்க வேண்டும் என்று அதன் வால்யூமைக் கூட்டி வைத்ததும் நானேதான்.

"இந்த நிகழ்ச்சி சிறப்பாக நடைபெற ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. இதேபோல் இன்னொரு நிகழ்ச்சியில் விரைவில் சந்திப்போம்" என்று முடித்துக் கண்ணைத் திறந்தேன். தெருவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டுக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடி நின்றுவிட்டார்கள். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போல் இருந்தது. அக்பர் பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வேனுக்குள் ஏறிவிட்டார். இறந்தவரின் மூத்த மகன் எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்: "வெரசா சந்திப்போம்னு சொல்றீங்களே மாமா, அடுத்து எங்க வூட்டுல யார போகச் சொல்றீங்க?"

கரண்டி

அதற்குப் பிறகு வெளியில் ஒத்திகை வேண்டாம் என்று அக்பர் பாய் அல்லா பேரால் கேட்டுக்கொண்டார். வேனில் போகும்போது மட்டும் சொல்லிக்கொள்ளலாம், அதுவும் மைக் எல்லாம் பின்னால் பெட்டிக்குள் இருந்தால்தான் என்றார். வீட்டில் சோற்றுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பழகினேன். அதிலும் கட்டைவிரல் சுவிட்சைத் தேடியது.

சரோஜா தரையில் உட்கார்ந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரே அளவாகச் சுற்றுவாள், ஒரு முறுக்கு விழாது. வேறு யார் சுருட்டினாலும் நான் பிரித்து மறுபடி சுருட்டுவேன். அவள் சுருட்டியதை மட்டும் தொடுவதில்லை. ஆனால் அதை அவளிடம் சொன்னதில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, எல்லாவற்றுக்கும் 'இந்தாம்மா'தான். பதினொரு நன்றியையும் மூன்று தடவை பொறுமையாகக் கேட்டாள். நான்காவது தடவை நான் ஆரம்பித்ததும் வயரைக் கீழே வைத்தாள்: "ஒரு நாளு சாம்பார் ஊத்துறவருக்கு நன்றி சொல்றீங்க. முப்பது வருசமா வயரு சுருட்டுறவளுக்கு ஒன்னையும் காணுமே?"

சிறப்பு விருந்தினர்

மாநாட்டு நாளும் வந்தது. அரியலூர் மண்டபத்துக்குள் நுழைந்தால் சுவரே தெரியவில்லை. அடுத்தவன் ஸ்பீக்கர் பெட்டியில் சத்தம் சரியாக இருக்காது என்று ஆளுக்கு ஒரு ஜோடி கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். கடைசியில் கலியமூர்த்தியின் செட்டை மட்டும் போடுவது என்று சமரசம் ஆனது. அவர் செட் ஓடும்போது மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நம் ஆட்களுக்கு இது முடிகிற காரியமா என்று உங்களுக்கே தெரியும்.

சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நல்ல மனிதர், அழகாகத்தான் தொடங்கினார். இரண்டு வரி பேசுவதற்குள் நடுவிலிருந்து ஒருவர், "ரொம்ப இழுக்குது!" என்றார். ஆசிரியர் கொஞ்சம் வேகமாகப் பேசினார். "கரகரங்குது, கொஞ்சம் குறைங்க!" என்றார் இன்னொருவர். ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் குடித்தார். பின் வரிசையில் நான்கு பேர் எழுந்து நின்று, "எக்கோவ எடுங்க! எக்கோவ எடுங்க!" என்று கத்தினார்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "நான் எதுவும் தவறாகச் சொல்லிவிட்டேனா?" என்று கேட்டார். முன் வரிசையிலிருந்து அக்பர் பாய் எழுந்து மரியாதையாகப் பதில் சொன்னார்: "நீங்க சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்கும் சார். அத யாரு கேட்டா, நாங்க சத்தத்தத்தான் கேக்குறோம்."

நன்றியுரை

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் படி ஐந்து. மூன்றாவது படியிலேயே எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. சரோஜா பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவையில் இருந்தாள். அவள் அண்ணன் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மைக் கைக்கு வந்தது. விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன். என்னை அறியாமல், "ஒன், டூ, த்ரீ" என்றேன். மண்டபத்தில் இருந்த அத்தனை மைக் செட்காரர்களும், அவர்களை அறியாமல், கட்டைவிரலைத் தூக்கி "ஓகே!" என்றார்கள்.

அப்புறம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மறுபடியும் மைக்கைத் தட்டினேன். அப்போது முன் வரிசையிலிருந்து அக்பர் பாய், "வருகை தந்து சிறப்பித்த..." என்று எடுத்துக் கொடுத்தார். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். அந்தத் துக்கத்துக்கு வந்திருந்த குன்னத்து உறுப்பினர்கள், "ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி!" என்று சேர்ந்துகொண்டார்கள். பாடாலூர்க்காரர் ஒருவர், "சமையல்காரர விட்டுடாதீங்க!" என்றார். அவர் காது குத்துக்கு வந்து சாப்பிடாமல் போனவராம். இப்படி அவர்கள் சொல்ல நான் சொல்ல, பதினொரு பேருக்கும் நன்றி முடிந்தது. கைதட்டினார்கள்.

நான் இறங்கியிருக்கலாம். ஆனால் என் கணக்குக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டாவதை நான் எந்தக் குழாயிலும் விட்டதில்லை, வேனிலும் சொன்னதில்லை. எடுத்துக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் தெரியாது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "எங்க செட்டுக்கு வயர் சுருட்டுகிற சரோஜாவுக்கு நன்றி. அவள் சுருட்டியதை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை" என்றேன்.

எக்கோவைக் குறைக்கச் சொல்லி ஒருவர்கூடக் கத்தவில்லை. மண்டபமே திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தது. அழுவாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "சத்தம் பத்தலைங்க! பின்னாடி எங்க அண்ணனுக்குக் கேக்கல, இன்னொரு வாட்டி சொல்லுங்க!"

இப்போதெல்லாம் மைக்கைச் சோதிக்கும்போது நான்கு வரை எண்ணுகிறேன், இத்தனை வருடத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றம் அந்த ஓர் எண்தான்.