ஆறு மணிப் பக்கம்

எலிகியா ஒவேலார் எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். வயது நாற்பத்தாறு. பதினோரு கிலோமீட்டர் செம்மண் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு, புருவம்கூடச் சிவந்து வந்து இறங்குவார். நான் அதே பள்ளியில் சமைக்கிறேன். என் மகள் நில்டா அவர் வகுப்பு.

எங்கள் பள்ளியில் புத்தகம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தலைமையாசிரியை அறையில் கண்ணாடி அலமாரி நிறைய இருக்கிறது, பூட்டி. பிள்ளைகள் தொட்டால் கசங்கிவிடுமாம். மேலிடத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பளபளவென்று காட்ட வேண்டுமாம். எனக்கு வயிறு எரியும்.

போன வருடம் தலைநகர் அசுன்சியோனிலிருந்து ஓர் இணைய வாசிப்புத் தளம் வந்தது. எல்லாம் இலவசம். எலிகியா டீச்சர் அதன் இணைப்பைப் பிள்ளைகளுக்கு அனுப்பினார். இரண்டு வாரம் ஒருத்தரும் படிக்கவில்லை. சோம்பேறிகள் என்று வகுப்பையே திட்டித் தீர்த்தார். நில்டாதான் எழுந்து சொன்னாள்.

"எங்க போன்ல திறக்கல டீச்சர். வட்டம்தான் சுத்துது."

நாங்கள் போடுவது வாட்ஸ்அப் மட்டும் ஓடுகிற மலிவு டேட்டா பேக். வேறெதுவும் அதில் திறக்காது. வீட்டில் நெட் வைத்திருந்த டீச்சருக்கு இது உறைக்கவே இல்லை. மறுநாள் வகுப்பின் முன்னால் நின்று பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். அப்படி ஒரு டீச்சரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து, இலவசமாகக் கிடைக்கும் கதைகளை அவரே திறந்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு பக்கம். பிள்ளைகள் அதை வாய்விட்டுப் படித்துக் குரலை அனுப்ப வேண்டும். இருபத்தேழு பிள்ளைகளும் அனுப்பினார்கள். என் கணவர்கூடத் தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

அப்போதுதான் கல்வித் துறை மேற்பார்வையாளர் ப்ரீத்தெஸ் வந்தார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் தலைமையாசிரியை அறையிலேயே நின்றுவிட்டேன்.

"தளத்துல உங்க வகுப்பு பூஜ்யம் காட்டுது. ஒரு பிள்ளைகூட படிக்கல."

"தினமும் படிக்கிறாங்க சார். இந்தாங்க, கேளுங்க."

"இது கணக்குல வராது. குரூப் நடத்த அனுமதி யார் கொடுத்தா? இப்பவே கலைச்சிடுங்க."

"இவங்க போடுற பேக்கை உங்க போன்ல போட்டு, அந்தத் தளத்தைத் திறந்து காட்டுங்க சார். கலைச்சிடறேன்."

அவர் சிரித்தார். "எனக்கு எதுக்கும்மா அந்த பேக்கு? ஆபீஸ்ல வை-ஃபை இருக்கு."

டீச்சர் குரூப்பைக் கலைத்தார். 'மாணவர்களுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை' என்று அந்த மனிதர் எழுதிக்கொண்டார். நான் சமைத்த கோழிக்கறியையும் வழித்துச் சாப்பிட்டார்.

அன்று ஆறு மணிக்குப் போன் வாயே திறக்கவில்லை. கதையில் ஒரு சிறுமி வெள்ளத்தில் படகோடு போய்க்கொண்டிருந்தாள்; ஒன்பதாம் பக்கத்தோடு நின்றிருந்தது.

"அவ கரை சேருவாளாம்மா?" என்றாள் நில்டா.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு அம்மாவாகக் கூப்பிட்டேன். அரை மணி நேரத்தில் புதுக் குரூப் தயார். எலிகியா டீச்சரையும் சேர்த்தேன். உடனே கூப்பிட்டார்.

"வேணாம் அக்கா. எனக்கு உத்தரவு போட்டிருக்காங்க."

"உங்க குரூப்பைத்தான கலைக்கச் சொன்னாங்க? இது அம்மாக்கள் குரூப்பு. இதுக்கு அனுமதி குடுக்க அந்தாளு யாரு? பேசாம பத்தாம் பக்கத்தை அனுப்புங்க. பொண்ணு தண்ணியில தவிக்குது."

டீச்சர் போனை வைத்தார். பிறகு பக்கம் வந்தது.

நில்டா முதலில் படித்தாள். ஒவ்வொரு குரலாக வந்தது. கடைசியாக வந்தது பிள்ளைக் குரல் இல்லை. குரூப்பில் இருக்கும் பக்கத்து வீட்டு அம்மா பசிலியா, சின்ன வயதில் இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்க அனுப்பப்பட்டவள். எழுத்துக் கூட்டி, திக்கித் திணறி, பக்கம் முழுவதையும் படித்திருந்தாள். ஏழு நிமிடம்.

இதையும் கலைக்கச் சொல்லி யாராவது வரட்டும். நான் பார்த்துக்கொள்கிறேன்.